மருமகனோட டில்லி பட்ஜெட்

உம்ம பட்ஜெட்டைப் பாத்தேன் மருமகனே. போன்லயே கட்டம் கட்டமாப் போட்டு, வாடகை 8,000, சாப்பாடு 5,000, போக்குவரத்து 1,000, இதர செலவு 2,000, ஆக மொத்தம் 16,000ன்னு கீழ ஒரு கோடு இழுத்து, அதுக்குப் பச்சைக் கலரு வேற அடிச்சிருக்கீரு. கணக்குல ஒரு பிழை கிடையாது. டில்லியிலதான் கொஞ்சம் பிழை இருக்கு.

போன மாசம் வரைக்கும் வியட்நாம் வியட்நாம்னு குதிச்சீரு. டா நாங் கடற்கரையில ரூம் எடுத்து, லேப்டாப்பைத் தட்டிக்கிட்டே ஆறு மாசம் இருந்துட்டு வாரேன்னு எந்தங்கச்சிகிட்ட அடம் பிடிச்சதாக் கேள்வி. ஒரு ரூவாய்க்கு 300 டாங்கு வாக்குல வருதாமே, கையில பத்தாயிரம் ரூவா மாத்தினா நீரு லட்சாதிபதிதான். ஒரு காப்பிக்கு 30,000 டாங்கு எண்ணி வைக்கும்போது அந்தப் பவுசு எறங்கிரும், அது வேற. இ-விசா 25 டாலருக்குக் கிடைக்கும், ஆனா 90 நாளுக்கு மேல செல்லாது. அந்த 90 நாள் சங்கதி காதுல விழுந்ததும், முதல்ல நம்ம நாட்டைப் பாப்போம்னு உமக்கு தேசபக்தி பொங்கிட்டு. நல்லது. டில்லிக்கு விசா வேண்டாம். போலீஸ் வெரிஃபிகேஷன் ஃபாரம் வேணும், ஆதார் வேணும், போட்டோ வேணும், பதினோரு மாச அக்ரிமெண்டு வேணும், 'மதராசியா, வீட்டுல மீன் பொரிப்பியா'ன்னு கேட்டா முகம் மாறாம சொல்றதுக்கு ஒரு பதிலும் வேணும்.

உம்ம கணக்குல கோளாறு எங்க இருக்குன்னா, மாசத்துக்கு இம்புட்டுன்னு போட்டிருக்கீரு. சம்பளக்காரன் புத்தி. நம்ம ஊர்ல எவனாவது மாசத்துக்கு இம்புட்டுன்னு வயலுக்குச் செலவு எழுதிப் பாத்திருக்கீரா? கார் சாகுபடிக்கு ஒரு செலவு, பிசான சாகுபடிக்கு ஒரு செலவு, இடையில தரிசாக் கிடக்கும்போது டீச்செலவு. டில்லியும் பருவத்துலதான் ஓடுது. அங்க ஏப்ரலுக்கும் பிப்ரவரிக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது. உமக்கு இந்த 16,000 கணக்கைக் கொடுத்த கூட்டாளி எந்த மாசத்துல அங்க இருந்தான்னு கேளும். பிப்ரவரின்னுதான் சொல்லுவான். குளிரும் போயி, வெயிலும் வராம, ஃபேனும் வேண்டாம் ஹீட்டரும் வேண்டாம்னு டில்லி மனுசனாட்டம் இருக்கிற மாசம் அது. அதுலயும் 28 நாள்தான்.

வாடகைக்கு வருவோம். 8,000க்கு ரூம் இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். லட்சுமி நகர் சந்துகள்ல கிடைக்கும். சன்னலைத் திறந்தா எதிர்வீட்டுக்காரன் பல் தேய்க்கிறது தெரியும்; கையை நீட்டினா பேஸ்டை வாங்கிரலாம். முனிர்கா, பேர் சராய், கட்வாரியா சராய் பக்கம் சமையல்கட்டோட ஒத்தை அறைன்னா 10,000லருந்து 15,000 வரைக்கும் சொல்லுவான். பழைய ராஜேந்தர் நகர்ல ஐஏஎஸ் கனவோட வார பிள்ளைகளுக்கு அதே துட்டுக்குக் கட்டிலும் மேசையும் போட இடம் கிடைக்கும். நடக்கணும்னா கட்டில் மேலதான் நடக்கணும். அந்த அறையில உக்காந்து படிக்க முடியாதுன்னு, படிக்கிறதுக்குத் தனியா லைப்ரரின்னு ஒண்ணு. அதுல புஸ்தகம் இருக்கும்னு நினைச்சிராதேயும். ஒரு நாற்காலி, ஒரு லைட்டு, போன் சார்ஜ் போட ஒரு பிளக்கு, மாசம் 2,000, 3,000.

அடித்தளத்துல ரூம் இருக்கு, வாடகை கொறையும்னு ஒரு புரோக்கர் வருவான். அதுக்குத் தலையாட்டாதேயும். 2024 ஜூலை 27ஆம் தேதி பழைய ராஜேந்தர் நகர்ல ஒரு பயிற்சி நிலையத்தோட அடித்தள லைப்ரரியில மழைத்தண்ணி புகுந்து மூணு பிள்ளைகள் செத்துப்போச்சு. சாமான் வைக்கவும் வண்டி நிறுத்தவும் அனுமதி வாங்கின இடத்துல மேசை போட்டுப் படிக்க விட்டிருந்தாங்க. இதுல நான் விளையாட்டுப் பேச்சுப் பேசலை. எம்புட்டுக் கொறைஞ்சாலும் தரைக்குக் கீழ போவாதேயும்.

உம்ம வீட்டுக்காரரு யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா வாடகை ஏன் அப்படின்னு புரியும். நம்ம ஊர்ப் பையன் ஒருத்தனுக்கு ரூம் பாக்க முனிர்காவுக்குப் போயிருந்தேன். அந்த ஊர் முக்காவாசி டோகஸ் குலத்து ஜாட்டுகள். சந்து முனையில கயித்துக் கட்டில், அதுல வெள்ளைத் தலைப்பாகையோட ஒரு பெரியவர், முன்னால ஹூக்கா. பின்னால அஞ்சு மாடிக் கட்டடம், மாடிக்கு நாலு கதவு. வாடகை என்னன்னு கேட்டேன். பதில் சொல்லாம என் கையைப் பிடிச்சுத் திருப்பி, உள்ளங்கையைத் தடவிப் பாத்தாரு. மத்திய சர்க்கார்ல ஃபைல் தூக்கினது போக, ரிட்டையராகி வந்து மம்பட்டி பிடிச்சதுல எனக்குக் காய்ப்பு ஏறின கை. 'கிசான்?'னாரு. ஆமான்னேன். நகர்ந்து இடம் விட்டாரு.

அப்புறம் ஒரே ஒப்பாரிதான். ஆர்.கே.புரம் இருக்கிற பக்கம் கையைக் காட்டுறாரு, ஜே.என்.யூ. இருக்கிற பக்கம் காட்டுறாரு, அங்கெல்லாம் எங்க கோதுமை, எங்க கம்புங்கிறாரு. சர்க்கார் வந்து அளந்து, கஜத்துக்கு இம்புட்டுன்னு கையில திணிச்சிட்டு நிலத்தை எடுத்துக்கிட்டு. மிஞ்சினது குடியிருந்த ஊர் மட்டும். அதை லால் டோராங்கிறாங்க. 1908ல வெள்ளைக்காரன் வரைபடத்துல சிவப்புக் கோடு போட்டு விளைநிலத்துலருந்து பிரிச்ச இடம், நம்ம ஊர் நத்தம்தான். அந்தக் கோட்டுக்குள்ள கட்டடம் கட்ட மத்த இடத்துல இருக்கிற கெடுபிடி ரொம்பக் காலம் கிடையாது. மனுசன் என்ன செய்வாரு? கோதுமை விதைச்ச கையால அறை விதைச்சுட்டாரு. வயல்ல வருசத்துக்கு ரெண்டு போகம், கட்டடத்துல பன்னெண்டு போகம். மழை பெஞ்சாலும் விளையும், பெய்யாட்டாலும் விளையும். எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு. எல்லாம் பேசி முடிச்சிட்டு, விவசாயிக்கு விவசாயிங்கிற பாசத்துல வாடகையில எம்புட்டுக் கொறைச்சாருங்கீரு? ஒரு டம்ளர் மோர் கொடுத்தாரு.

அந்தப் பதினோரு மாச அக்ரிமெண்டுல ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு வருசத்துக்கு மேல போட்டா பத்திரத்தைப் பதிவு பண்ணணும்னு 1908லயே சட்டம். பதினோரு மாசத்துல முடிச்சா அந்தச் செலவும் இல்ல, பன்னெண்டாவது மாசம் 10 பெர்சென்ட் ஏத்தவும் வசதி. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கே மாமான்னு சட்டம் பேசுவீரு. இருக்கு, 1958ல போட்டது. 1988ல திருத்தி, மாசம் 3,500 ரூவாய்க்கு மேல போற வாடகை எங்க பொறுப்பில்லேன்னுட்டாங்க. டில்லியில இன்னைக்கு 3,500க்குக் கீழ என்ன கிடைக்கும்? ஒரு ஸ்கூட்டரை நிறுத்தலாம்.

உம்ம பட்டியல்ல கரண்டுக்கும் தண்ணிக்கும் பூஜ்யம் போட்டிருக்கீரே, அதைப் பாத்துட்டு அத்தைகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். சர்க்கார் கொடுக்குது, வாஸ்தவம். 2019லருந்து மாசம் 200 யூனிட் வரைக்கும் பில்லு கிடையாது, 400 வரைக்கும் பாதி. தண்ணி 20,000 லிட்டர் வரைக்கும் சும்மா. ஆனா மீட்டர் யார் பேர்ல இருக்கு? ஹூக்காக்காரர் பேர்ல. உம்ம ரூம் வாசல்ல அவர் வாங்கி மாட்டின குட்டி மீட்டர் ஒண்ணு தொங்கும். அது யூனிட்டுக்கு 10 ரூவான்னு ஓடும். வெயில் காலத்துல ராத்திரி மட்டும் ஏசி போட்டாலே ஒரு நாளைக்குப் பத்து யூனிட்டு, மாசத்துக்கு 300. நீரு கொடுக்கிறது 3,000 ரூவா. அதே 300 யூனிட்டை அவரு தன் பேர்ல ஓட்டினா, முதல் 200க்கு மூணு ரூவா, அடுத்த 100க்கு நாலரை ரூவா, ஆக 1,050. மேல அது இதுன்னு சில்லறை சேரும், பாதி மானியத்துல போயிரும். மாடிக்கு ஒரு மீட்டர் வாங்கி வச்சிருக்கிறவரு இன்னும் கெட்டி. தண்ணிக்கு மாசம் 300, 400ன்னு தனியாக் கேப்பாங்க. அந்தக் காசு எந்த நதிக்குப் போகுதுன்னு கேக்கப்படாது.

குடியிருக்கிறவங்களும் தன் பேர்ல பிரீபெய்டு மீட்டர் வாங்கிக்கிடலாம்னு 2019 செப்டம்பர்ல டில்லி சர்க்கார் ஒரு திட்டம் போட்டுச்சு. வாடகை ஒப்பந்தமும் ரசீதும் போதும், வீட்டுக்காரரோட சம்மதக் கடிதம் வேண்டாம்னாங்க. நீரு போயி கேட்டுப் பாரும். அவரு ஹூக்காவை ஒரு இழுப்பு இழுத்துட்டு, அடுத்த சந்துல நல்ல ரூம் ஒண்ணு காலியா இருக்குன்னு ரொம்பப் பாசமாச் சொல்லுவாரு.

சாப்பாட்டுக்கு 5,000. டப்பாக்காரன் ரெண்டு வேளைக்கு மாசம் 4,000 வாக்குல வாங்கிட்டு, நாலு சப்பாத்தி, ஒரு பருப்பு, ஒரு உருளைக்கிழங்கு கொண்டாந்து கொடுப்பான். கையளவு சோறு வைப்பான், பூசாரி திருநீறு கொடுக்கிற கணக்குதான். பத்து நாள் தாங்குவீரு. பதினோராவது நாள் ராத்திரி ரசம் கனவுல வரும். எழும்பி, குக்கர் வாங்கணும், 5 கிலோ சோட்டு சிலிண்டர் வாங்கணும்னு பட்டியல் போடுவீரு. காய் வாங்கப் போனா அங்க எல்லாம் பாவ் கிலோ கணக்கு, கால் கிலோ. பச்சமிளகாயும் மல்லியும் கொசுறாக் கேளும், வண்டிக்காரன் அள்ளிப் போடுவான். நம்ம கடையில கேக்காமலே போடுற கறிவேப்பிலை இருக்கு பாரும், அதுக்கு 10 ரூவா. அந்தக் கொத்தை எண்ணிப் பாத்தா தாளிக்கிறதுக்கு யோசனை வரும். ஐஎன்ஏ மார்க்கெட்டுல முருங்கைக்காய், சின்ன உள்ளி, நேந்திரங்காய், மீன் எல்லாம் கிடைக்கும். வாங்கினப்புறம் ஊர்ஞாபகம் தீராது, பர்சுதான் தீரும்.

அங்க வாரச்சந்தை உண்டு, அதை விட்டுராதேயும். சோம் பஜார், மங்கள் பஜார், புத் பஜார்னு கிழமைக்கு ஒரு தெரு. சாயந்தரம் போயி கெத்தா பேரம் பேசுறவன் ஏமாளி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல போவணும். பல்பைக் கழட்டி, தார்ப்பாயைச் சுருட்டுற நேரம். மிச்சமான தக்காளியைத் திரும்பத் தூக்கிட்டுப் போக அவனுக்கு மனசு வராது. நீரு வாயே திறக்க வேண்டாம், சும்மா கூடையைப் பாத்துக்கிட்டு நின்னா விலை தானா எறங்கும். பங்களா சாகிப் குருத்வாராவுல லங்கர் உண்டு. தலையில துணியைக் கட்டி, வரிசையில தரையில உக்காந்து, ரெண்டு கையையும் ஏந்தி ரொட்டி வாங்கணும். ஒரு கையை நீட்டினா பரிமாறுறவரு நின்னு பாப்பாரு. போம், சாப்பிடும், சாப்பிட்டுப் பாத்திரம் கழுவுற இடத்துல அரைமணி நேரம் நில்லும். பட்ஜெட்டுல 'லங்கர், மாசம் 30 நாள்'னு எழுதி வச்சிருக்கீரே, அந்த வரியை மட்டும் அழிச்சிரும். தங்கச்சி பாத்தா அழுவா. முனிர்காவுலன்னா ஆர்.கே.புரம் மலை மந்திர் பக்கம்தான். 1973லருந்து சாமிநாதசாமி அங்க மலைமேல நிக்காரு. ஞாயித்துக்கிழமை போனா தமிழும் கிடைக்கும், வயசுப்பிள்ளை யாரு எவருன்னு விசாரிக்கிற மாமிகளும் கிடைப்பாங்க. ரெண்டுக்கும் துட்டு கிடையாது.

போக்குவரத்துல சொல்ல அதிகம் இல்ல. மெட்ரோவுல 2025 ஆகஸ்டுலருந்து கொறைஞ்சது 11, கூடினது 64. கார்டு வச்சிருந்தா பத்துல ஒரு பங்கு தள்ளுபடி. பஸ் இலவசம்னு எங்கயோ அரைகுறையாக் கேட்டு எழுதியிருக்கீரு; அது 2019 அக்டோபர்லருந்து பொம்பளைகளுக்கு. உம்ம மீசைக்கு டிக்கெட் உண்டு. ஆட்டோ மீட்டர் 30 ரூவாயில ஆரம்பிச்சு, ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்புறம் கிலோமீட்டருக்கு 11. இது சர்க்கார் எழுதி வச்சது. மீட்டர் ரிப்பேருங்கிறது ஆட்டோக்காரன் எழுதி வச்சது.

இப்பப் பருவக் கணக்கு. ஏப்ரல் நடுவுலருந்து ஜூன் கடைசி வரைக்கும் லூன்னு ஒரு காத்து அடிக்கும். நான் கரோல் பாக்ல மொட்டைமாடி அறையில, பர்சாத்தியில, குடியிருந்த காலத்துல ராத்திரி தரையில தண்ணி ஊத்தி, ஈர வேட்டியைப் போத்திக்கிட்டுப் படுப்போம். உம்ம உடம்பு அதுக்குப் படியாது. ஏசி வாங்க வேண்டாம், சீசனுக்கு வாடகைக்குக் கொடுக்கான்; மாட்டுற கூலி, கழட்டுற கூலி தனி. கூலர் மலிவு, ஆனா மழை விழுந்து காத்துல ஈரம் ஏறிட்டா அது வெறும் சத்தம். ஜூலைக்கப்புறம் கொசு. கூலர் தொட்டியில தண்ணி தேங்கிக் கிடந்தா டெங்கு சோதனைக்கு ஆள் வந்து அபராதச் சீட்டும் கிழிப்பாங்க.

அக்டோபர் கடைசியில புகை வரும். இந்தச் செலவை உம்ம கூட்டாளி எழுதவே இல்ல. 2024 நவம்பர் 18 அன்னைக்கு டில்லியோட காத்து மாசுக் குறியீடு 494; அளவுகோலே 500ல முடியுது. அன்னைக்குப் பரீட்சை எழுதின காத்து ஆறு மார்க்குலதான் சென்டம் விட்டுருக்கு. மாஸ்க்கு வேணும், அது வாரம் தாங்காது. சுத்தம் பண்ணுற மிசின் வேணும்; மிசின் ஒரு விலைன்னா அதுக்கு உள்ள போடுற ஃபில்டர் வருசா வருசம் ஒரு விலை. நம்ம ஊர்ல வேப்பமரத்தடியில ஓசியில படுத்துக் கிடக்கோம், இதுக்கு யாரும் பில்லு போடலையேன்னு எனக்கு இப்ப ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது.

டிசம்பர், ஜனவரியில மூணு டிகிரி, நாலு டிகிரிக்குப் போகும். ரஜாய் வேணும், பஞ்சு நிறைஞ்சது, நாலு கிலோ கனம். குளிக்கத் தண்ணி சுட வைக்க ராடு போடணும். மறுபடியும் குட்டி மீட்டர். நீரு குளிக்கவே மாட்டீருன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் தங்கச்சிக்காக எழுதி வையும். ஸ்வெட்டர், ரெண்டு ஜோடி சாக்ஸ், உதட்டுக்குத் தேங்காயெண்ணெய். எண்ணெய் பாட்டில்ல உறைஞ்சுபோயிரும், வெயில்ல வச்சு எடுக்கணும். வெயில் இருந்தா.

ஆகக்கூடி என் கணக்கு இது. பிப்ரவரி 22,000ல ஓடும். மே மாசத்துக்கு 28,000 எடுத்து வையும். நவம்பர் இந்த ரெண்டுக்கும் நடுவுல, மூக்கைப் பொறுத்து. போயி இறங்குற முதல் மாசத்துக்கு மட்டும் 50,000: வாடகை 12,000, அட்வான்சு 12,000, புரோக்கருக்கு அரை மாச வாடகை 6,000, மெத்தை, வாளி, அடுப்பு, குக்கருக்கு 8,000, மிச்சம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி. லேப்டாப்பை எடுத்துக்கிட்டு கான் மார்க்கெட் காப்பிக்கடையில உக்காருவேன்னா அது என் கணக்குல வராது. அங்க ஒரு காப்பி 300 ரூவா. ஒரு காப்பிக்கு மூணு மணி நேரம் உக்காந்தா கடைக்காரப் பையன் பக்கத்து மேசையைத் தொடைச்சுத் தொடைச்சு உம்ம முகத்தைப் பாப்பான்.

சாமான் வாங்குறதுலயும் பருவம் பாக்கணும். ரஜாயை மார்ச்சுல வாங்கணும், கூலரை நவம்பர்ல வாங்கணும். அப்ப அதை எடத்தை அடைக்கிற சனியன்னு வித்துத் தள்ளுவான். ஏப்ரல் கடைசியில போயி கூலர் கேட்டீருன்னா, உம்ம நெத்தி வேர்வையைப் பாத்துத்தான் விலை சொல்லுவான். நீரு டிக்கெட் எடுத்திருக்கிறது எந்தத் தேதி? தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்... ஏப்ரல் 28ஆ? சரி விடும், போட்டது போட்டாச்சு.

உம்ம நல்லகாலம், எம்மகன் மயூர் விஹார் வீட்டுப் பால்கனியில ஒரு கூலர் சும்மாக் கிடக்கு. அவன் ஏசிக்கு மாறிட்டான். மோட்டாரு நல்லா ஓடுது, பக்கவாட்டுல புல்லு மட்டும் மாத்தணும். புதுசு 8,000 சொல்லுவான், உமக்கு 3,500. தங்கச்சி மகனாச்சேன்னு 300 கொறைச்சுக்கிடுதேன். அங்கருந்து முனிர்காவுக்கு டெம்போ கூலி உம்மது. துட்டைக் கையில கொடுத்துட்டுப் போறீரா, இல்ல ஜிபேயில போடுதீரா?